கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு வாரம்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் வளர்ந்தவள் நான். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேராமல் குறுவையைக் கைவிட்ட வருஷங்களையும், ஐப்பசி மழையில் சம்பா நாற்று மூழ்கி, வடிய வழியில்லாமல் வேர் அழுகிய வருஷங்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் சித்தி மகள் டெல்ஃப்டிலிருந்து கூப்பிட்டபோது, நெதர்லாந்தில் பார்க்க வேண்டிய இடம் எது என்று நான் யோசிக்கவே இல்லை. தண்ணீரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு நாள் ராத்திரியும் படுக்கும் முன் எழுதியது இது. ஊர் திரும்பியபின் பெரிதாக மாற்றவில்லை.

2024 அக்டோபர் 6, ஞாயிறு: ஸ்கிப்போல், டெல்ஃப்ட்

விமானம் இறங்கியது ஒரு ஏரியின் அடித்தரையில். ஸ்கிப்போல் விமான நிலையம் இருக்கும் இடம் 1852 வரைக்கும் ஹார்லெமர்மேர் என்ற பெரிய ஏரி. 1836ல் அடித்த புயல்களில் அந்த ஏரி ஒருபக்கம் ஆம்ஸ்டர்டாம் வாசல் வரைக்கும் இன்னொருபக்கம் லைடன் வரைக்கும் போய்விட, இனி பொறுக்க முடியாது என்று முடிவெடுத்து, மூன்று நீராவி இறைப்பு நிலையங்கள் கட்டி மூன்றே வருஷத்தில் இறைத்து முடித்திருக்கிறார்கள். இன்றைக்கும் அந்த இடம் கடல் மட்டத்துக்கு மூன்று நாலு மீட்டர் கீழேதான். இறைப்பதை நிறுத்தினால் மறுபடி ஏரி.

தங்கையின் வீடு டெல்ஃப்டில் ஒரு கால்வாயை ஒட்டி. 12 டிகிரி குளிர், சாரல், காற்று. உள்ளே போனதும் குடிக்கச் சுடுதண்ணீர் கேட்டேன். குழாயைத் திறந்து தம்ளரில் பிடித்துக் கொடுத்து, "அப்படியே குடிக்கா, இங்க குளோரின் கூடப் போட மாட்டாங்க" என்றாள். முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. சுத்திகரித்து, குழாயில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொண்டால் குளோரின் தேவையில்லை என்பது இவர்கள் கட்சி. ஆயிரம் லிட்டருக்கு இரண்டு யூரோவுக்குள் ஆகிறது என்று பில்லைக் காட்டினாள். ஒரு யூரோ அப்போது 92 ரூபாய் சொச்சம். நம் ஊரில் 20 லிட்டர் கேனுக்கு என்ன கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டேன், மனசு ஆறவில்லை.

ராத்திரிக்கு ரசமும் அப்பளமும். அவளுடைய ஆறு வயது மகன் நீச்சல் வகுப்பிலிருந்து தலை ஈரத்தோடு வந்தான். இங்கே குழந்தைகளுக்கு ஏ, பி, சி என்று நீச்சல் சான்றிதழ்கள் உண்டு. 'ஏ' சான்றிதழுக்கே சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் போட்டபடி நீந்திக் காட்ட வேண்டும். "தண்ணில விழறப்ப ஷூவோடதானே விழுவோம், பெரியம்மா" என்றான் அந்தப் பிள்ளை. வெளியே இறங்கினால் மூன்றடியில் கால்வாய், அதற்குப் பெரும்பாலும் தடுப்புக்கூட இல்லை.

படுக்கும் முன் ஜன்னல் வழியாக எதிர்க்கரைச் சுவரைப் பார்த்தேன். தெருவிளக்கில் செங்கல் வரிசைகள் தெளிவாகத் தெரிந்தன. மேலே இருந்து எண்ணினால் ஒன்பதாவது வரிசையின் அடியில் தண்ணீர் நிற்கிறது.

அக்டோபர் 7, திங்கள்: டெல்ஃப்ட்

காலையில் காலி பாட்டில்களைப் போட்டுவரச் சொல்லித் தங்கை ஒரு பை கொடுத்தாள். பை சின்னது, பாட்டில்கள் பெரியவை. ஊரில் செய்வதுபோல் ஒவ்வொன்றையும் நசுக்கி அடுக்கிக்கொண்டு போனேன். சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு இயந்திரம், பாட்டிலை உள்ளே விட்டால், வாங்கும்போது கட்டிய முன்பணத்துக்குச் சீட்டு தரும்: சின்ன பாட்டிலுக்கும் டின்னுக்கும் 15 சென்ட், பெரிய பாட்டிலுக்கு 25. நான் விட்ட ஒவ்வொன்றையும் அது திருப்பித் தள்ளியது. நசுங்கிய பாட்டிலில் கோடுகளை அதனால் படிக்க முடியாது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், எனக்குக் கை நடுங்கிவிட்டது. வரிசையில் இருந்த ஒரு வயசானவர் என் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, வாயை வைத்து ஊதி, தட்டி நிமிர்த்தி உள்ளே விட்டார். ஏற்றுக்கொண்டது. அடுத்ததை என்னிடம் நீட்டினார். இரண்டு பேரும் நின்று ஊதினோம். பதினோரு பாட்டிலில் எட்டு தேறியது. நன்றி சொன்னதற்கு ஒரு சிரிப்புக்கூட இல்லை, "அடுத்தமுறை நசுக்காதே" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தன் பாட்டில்களை எடுத்தார். இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான் பேசுவார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது.

சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 2021 ஜூலையிலும், டின்னுக்கு 2023 ஏப்ரலிலும்தான் இந்த முன்பணம் வந்தது. அதற்கு முன்னால் கால்வாயெல்லாம் டின்னாக மிதக்கும் என்றாள் தங்கை. ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். ரயில் நிலையத்தருகே ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு குப்பைத் தொட்டியாகத் துழாவி டின் பொறுக்கிக்கொண்டிருந்தார். பணக்கார நாடுதான், ஆனாலும் 15 சென்ட்டுக்காகக் கையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில நகரங்களில் தொட்டியைச் சுற்றி வளையம் மாட்டி, அதில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் அவர்கள் துழாவாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று செய்திருக்கிறார்களாம்.

கடைக்குள் அன்றோ மறுநாளோ தேதி முடிகிற தயிர், ரொட்டி, கீரையின்மேல் 35 சதவீதம் தள்ளுபடி ஸ்டிக்கர். ஜனங்கள் கூச்சமில்லாமல் அதைத் தேடித்தான் எடுக்கிறார்கள். நாங்களும் இரண்டு பொட்டலம் கீரை எடுத்துவந்து மத்தியானம் மசியல் வைத்தோம்.

சாயங்காலம் தங்கை ஒரு பழைய கட்டடத்துக்குக் கூட்டிப்போனாள். முகப்பு முழுக்க வண்ண வண்ணமாகக் கேடயச் சின்னங்கள். கரைகளையும் தண்ணீர் மட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் டெல்ஃப்லாண்ட் நீர் வாரியத்தின் பழைய இல்லம். வாரியம் தொடங்கியது 1289ல். இதற்கு வடக்கே ரைன்லாண்ட் வாரியம், அது 1255லேயே. அரசர்கள் போய், நெப்போலியன் வந்து போய், நாட்டின் பெயரே மாறியும் இவை ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தவற்றை இணைத்து இணைத்து இப்போது 21. வரி தனி, தேர்தல் தனி. நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டு. கடைசியாக 2023 மார்ச்சில் நடந்தது.

"அதுல நானும் ஓட்டுப் போட்டேன்கா" என்றாள்.

"நீ இன்னும் இந்தியக் குடிமகள்தானே?"

"பார்லிமெண்டுக்குப் போட முடியாது. நீர் வாரியத்துக்குப் போடலாம். முறையா இங்க குடியிருந்தா போதும்."

தண்ணீர் ஏறினால் பாஸ்போர்ட் பார்த்து ஏறாது என்ற நியாயம்போல. அவள் வீட்டுக்கு வருஷ வரி 400 யூரோவுக்கு மேல் வருகிறது. ஒரு பங்கு கரைக்கும் இறைப்புக்கும், இன்னொரு பங்கு கழிவுநீரைச் சுத்தம் செய்ய. வாடகைக்கு இருப்பவர்களும் கட்டத்தான் வேண்டும். திட்டிக்கொண்டே கட்டுகிறாள், ஆனால் எதற்குக் கட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரிகிறது. எங்கள் ஊரில் தாத்தா காலத்தில் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போவார் என்று சொல்வார்கள். எனக்கு நினைவு தெரிந்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்: வெஸ்ட்லாண்ட்

தங்கையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு எட்டு கிலோமீட்டர். எதிர்க்காற்றில் தொடை இறுகிவிட்டது. பாதை சமதளம், ஆனால் ஆளைத் தள்ளுகிற காற்று. ஓர் இடத்தில் போட்டோ எடுக்கப் பாதை நடுவில் நிறுத்திவிட்டேன், பின்னால் வந்த பெண் பலமாக மணியடித்துக் கத்திவிட்டுப் போனார். தப்பு என்மேல்தான்.

வெஸ்ட்லாண்டை அவர்கள் கண்ணாடி நகரம் என்கிறார்கள். வயலும் தோப்பும் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் கண்ணாடிக் கூடங்கள்தான். தங்கை மகனோடு படிக்கும் ஒரு பையனின் அப்பா தக்காளி போடுகிறார், உள்ளே போக அவர்தான் அனுமதித்தார். ஷூவுக்குமேல் நீல உறை, மேலே வெள்ளை அங்கி, கைகளுக்குக் கிருமிநாசினி. அறுவை சிகிச்சைக்குப் போவதுபோல் உள்ளே போனோம்.

தரையில் மண் இல்லை. இடுப்புயரத்தில் தொங்கும் நீண்ட தகரக் கால்வாய்களில் பாறையை உருக்கி நூற்ற பஞ்சுக் கட்டி, அதில்தான் வேர். டிசம்பரில் வைத்த செடி, இப்போது தண்டு பத்து மீட்டரைத் தாண்டி, கயிறுபோல் அடியில் சுருண்டு கிடக்கிறது. நுனி மட்டும் மேலே காய்க்கிறது. வரிசைக்கு நடுவில் இரண்டு இரும்புக் குழாய்கள் தரையில் ஓடுகின்றன. தண்டவாளம் என்று நினைத்தேன். பறிக்கிற வண்டி அதன்மேல்தான் ஓடுகிறது. ஆனால் தொட்டால் சுடுகிறது. கூடத்தைச் சூடாக்கும் வெந்நீர் ஓடும் குழாயையே வண்டிக்குத் தண்டவாளமாக்கியிருக்கிறார்கள். ஒரே இரும்புக்கு இரண்டு வேலை. நான் குனிந்து அதன்மேல் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன், வெளியே அவ்வளவு குளிர்.

மூலையில் அட்டைப் பெட்டிகள், அதற்குள் தடிமனான பம்பிள்பீ வண்டுகள். அவைதான் மகரந்தம் சேர்க்கின்றன. பறிக்கிறவர்களில் போலந்துக்காரர்களும் ருமேனியாக்காரர்களும் அதிகம். தலைநிமிராமல் வேலை பார்த்தார்கள். அவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டேன், சரியான பதில் வரவில்லை.

தண்ணீர்: கண்ணாடிக் கூரையில் விழும் மழை பூராவும் பக்கத்துக் குளத்துக்குப் போகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறைந்தது 500 கன மீட்டர் சேமிக்கக் குளம் இருக்க வேண்டும் என்பது விதி. செடி குடித்தது போக வடிவதைச் சுத்தம் செய்து மறுபடி செடிக்கே விடுகிறார்கள். வெளியே விட்டால் பூச்சிமருந்தில் 95 சதவீதத்தையாவது நீக்கியிருக்க வேண்டும், 2018லிருந்து அப்படி. இதைக் கேட்டபோது பொறாமையாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்த இயந்திர அறை. ஒரு லாரியளவு எரிவாயு எஞ்சின். அது மின்சாரம் தயாரிக்கிறது, அதன் சூடு வெந்நீராகிறது, அதன் புகையைச் சுத்தம் செய்து கார்பன் டை ஆக்சைடைச் செடிக்கே ஊட்டுகிறார்கள். விவசாயி பையிலிருந்து போனை எடுத்து மின்சார விலையைக் காட்டினார், மணிக்கு மணி மாறுகிறது. விலை ஏறும் சாயங்காலத்தில் எஞ்சினை ஓட்டி விற்பார். வெயிலும் காற்றும் சேர்ந்த மத்தியானத்தில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், அப்போது நிறுத்திவிடுவார். சூட்டைப் பெரிய தொட்டியில் வெந்நீராகச் சேர்த்துவைத்து ராத்திரிக்கு விடுவார். தக்காளி பயிரிடுகிறவர் நாளெல்லாம் மின்சாரச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோடையில் சூடு வேண்டாம், ஆனால் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அதற்காகவே எரிவாயுவை எரித்துக்கொண்டிருந்தார்கள். 2005லிருந்து ரோட்டர்டாம் துறைமுகத்துச் சுத்திகரிப்பு ஆலையில் வெளியாவதைப் பழைய எண்ணெய்க் குழாய் ஒன்றின் வழியாக இந்தக் கூடங்களுக்குக் கொண்டுவருகிறார்கள்.

2022ல் எரிவாயு விலை எகிறியபோது பக்கத்துக் கூடத்துக்காரர் குளிர்காலம் முழுக்கச் செடியே வைக்கவில்லையாம். இப்போது சில பேர் சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே துளை போட்டு பூமிக்குள் இருக்கும் வெந்நீரை எடுக்கிறார்கள். இவரும் அந்தக் குழாயில் சேரக் காத்திருக்கிறார். கிளம்பும்போது ஒரு தக்காளியைப் பறித்துக் கையில் வைத்தார், வெதுவெதுப்பாக இருந்தது. ருசி நன்றாகவே இருந்தது, ஆனால் நம் நாட்டுத் தக்காளியின் புளிப்பு இல்லை. ரசத்துக்கு ஆகாது.

அக்டோபர் 9, புதன்: கிண்டர்டைக்

ராத்திரியிலிருந்து மழை. விடிந்ததும் எதிர்ச்சுவரைப் பார்த்தேன், ஒன்பதாவது வரிசை மூழ்கி எட்டாவதில் பாதி நனைந்திருந்தது.

காற்றாலைகளுக்குப் பேர்போன கிண்டர்டைக்குக்கு ரோட்டர்டாமிலிருந்து படகு. குடை பாலத்திலேயே கம்பி வெளியே வந்து மடங்கிவிட்டது. இங்கே மழைக்குக் குடை பிடிக்கிறவர் வெளியூர்க்காரர்தான், ஜனங்கள் மழைக்கோட்டோடு சைக்கிள் மிதிக்கிறார்கள். இடையில் படகு மாற வேண்டிய இடத்தில் ஒன்றைத் தவறவிட்டு முக்கால் மணி நேரம் ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் நின்றேன். அங்கேதான் அந்தப் பெரியவர் வந்து சேர்ந்தார். கிண்டர்டைக் இருக்கும் அல்பிளாசர்வார்ட் பகுதியில் நாற்பது வருஷம் மாடு வளர்த்தவர், இப்போது மகன் பார்க்கிறான்.

நான் விவசாயக் குடும்பம் என்றதும் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் படம் போட ஆரம்பித்தார். மேலே ஒரு கோடு, தரை. அடியில் பாதி மக்கிய நாணலும் பாசியும் சேர்ந்த கருப்பு மண், பல மீட்டர் ஆழத்துக்கு. நடுவில் ஒரு கோடு, தண்ணீர் மட்டம். தரைமேல் ஒரு மாடு. மாடு கால் புதையாமல் நடக்க வேண்டும், டிராக்டர் இறங்க வேண்டும், அதனால் தண்ணீர்க் கோட்டை அழித்துக் கீழே இறக்கினார். இறக்கினால் மேல்மண்ணில் காற்று புகும், காற்று புகுந்தால் மண் மக்கிக் காற்றோடு போய்விடும், தரை இறங்கும். தரைக் கோட்டையும் அழித்துக் கீழே போட்டார். மாடு மறுபடி தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மறுபடி தண்ணீரை இறக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூட இறங்கும் இடங்கள் உண்டு. அவர் வீடு மரத்தூண்கள்மேல் நிற்பதால் வீடு இறங்கவில்லை, நிலம் மட்டும் இறங்கியது. "என் அப்பா காலத்தில் வாசலுக்கு ஒரு படி. இப்போது மூன்று" என்று விரல் காட்டினார்.

தண்ணீரைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் மண் தப்பிக்கும், ஆனால் பால் குறையும். எவ்வளவு ஏற்றுவது என்பதைத்தான் நீர் வாரியத்தில் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகச் சண்டை போட்டு முடிவெடுக்கிறார்கள். பண்ணைக்காரர் ஒரு பக்கம், பறவை பார்க்கிறவர் ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஒரு பக்கம். முடிவான மட்டத்தை எழுத்தில் போட்டு அறிவிக்கிறார்கள், யாரும் ஆட்சேபிக்கலாம். பெரியவர் வாரியத்தைத் திட்டித் தீர்த்தார். ஆனால் வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்களை அவருக்குத் தெரியும்.

கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள், பெரும்பாலும் 1740ஐ ஒட்டிக் கட்டியவை. படத்தில் பார்க்கும்போது அழகுக்கு நிற்பவைபோல் தெரியும், நேரில் அப்படி இல்லை. ஒன்றின் உள்ளே போனோம். மரச்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துச் சுழலும்போது கட்டடம் பூராவும் அதிர்கிறது. வெளியே துடுப்புச் சக்கரம் தண்ணீரை அள்ளி மேல் வாய்க்காலில் வீசுகிறது. நம் கமலை ஏற்றம்தான், மாட்டுக்குப் பதில் காற்று. இன்னும் அதற்குள் குடும்பங்கள் குடியிருக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் கிடைக்காதபோது இந்தக் கிழட்டு ஆலைகளைத்தான் மறுபடி ஓட்டி நிலத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இப்போது உண்மையான வேலையைப் பார்ப்பது பக்கத்திலிருக்கும் இறைப்பு நிலையம். ஆள் உயரத்தைவிடப் பெரிய இரும்புத் திருகுகள் சாய்வாகப் படுத்திருக்கின்றன. இன்றைக்கு மழைக்கு அவை சுழன்றுகொண்டிருந்தன. பழுப்புத் தண்ணீர் படிப்படியாக மேலேறிக் கொட்டுகிறது. மேலே ஆறு, கீழே ஊர். ஆற்றைவிடத் தாழ்ந்த இடத்தில் மழை பெய்தால் ஒவ்வொரு சொட்டையும் தூக்கித்தான் வெளியே விட வேண்டும், தூக்க மின்சாரம் வேண்டும். எங்கள் ஊர் வடிகால் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும் காட்சி நினைவுக்கு வந்து தொண்டை அடைத்துக்கொண்டது.

மத்தியானம் பொரித்த மீன் துண்டுகள், 9 யூரோ. பூண்டு சாஸ் போட்டுச் சூடாகக் கொடுத்தார்கள். நனைந்த உடம்புக்கு அதைவிட வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்: அப்பிங்கடாம்

வடக்கே குரோனிங்கன் மாகாணம். காற்றுக்கு எங்கேயோ மரம் விழுந்து ஸ்வோல்லெயில் ரயில் நின்றுவிட்டது, ஒன்றரை மணி நேரம். பிளாட்பாரத்தில் பக்கத்தில் இருந்த தம்பதி டப்பாவைத் திறந்து, வெண்ணெய் தடவி மேலே சாக்லேட் துகள் தூவிய ரொட்டி ஒன்றை எனக்கும் நீட்டினார்கள். பெரியவர்கள் சாப்பிடுவதா இது என்று தோன்றியது, சாப்பிட்டால் நன்றாகவே இருந்தது. சாப்பிட்டபின் அந்த அம்மா காகிதத்தை நீவி மடித்து மறுபடி டப்பாவிலேயே வைத்துக்கொண்டார்.

லாப்பர்சம் போக நினைத்தது நேரமில்லாமல் அப்பிங்கடாமோடு நின்றது. கால்வாய்க்குமேல் தொங்கும் சமையலறைகளுக்குப் பேர்போன ஊர். கடுகு சூப் குடித்தேன், 7.50 யூரோ. பன்றிக்கறி போடாமல் கேட்டதற்கு முகம் சுளிக்காமல் தனியாகச் செய்து தந்தார்கள். கூடவே முட்டையை மசாலாக் கூழில் பொதிந்து பொரித்த உருண்டை, குரோனிங்கன் பக்கத்துப் பலகாரம். நம் முட்டை போண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

கடைக்கார அம்மாவிடம் எரிவாயு பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று அடுத்த நொடியே தோன்றியது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். கூரைமூலையிலிருந்து ஜன்னல்வரை ஒரு விரிசல். குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடிப் பட்டைகள் ஒட்டி, ஒவ்வொன்றின்மேலும் பேனாவில் தேதி. பட்டை உடைந்தால் சுவர் மறுபடி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று உடைந்திருந்தன. என் சுண்டுவிரல் நுனி அந்த விரிசலுக்குள் போனது.

1959ல் ஸ்லோக்டெரன் பக்கத்தில் எரிவாயு கிடைத்தது, உலகத்தின் மிகப்பெரிய வயல்களில் ஒன்று. அறுபதுகளில் நாடு முழுக்கக் குழாய் போட்டார்கள். டெல்ஃப்டில் தங்கை ரசம் கொதிக்கவைத்த அடுப்பும், வெஸ்ட்லாண்டில் நான் கை வைத்த குழாயும் வளர்ந்தது அந்த வாயுவில்தான். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பாலமும் கட்ட அரசுக்குக் கொட்டிய பணம் அது. எடுக்க எடுக்க அடியில் பாறை அமுங்கி நிலநடுக்கம் வர ஆரம்பித்தது. 2012 ஆகஸ்டில் ஹௌசிங்கே கிராமத்தில் 3.6 அளவு. சின்ன எண்தான், ஆனால் ஆழம் மூன்று கிலோமீட்டர்தான் என்பதாலும், செங்கல் வீடுகள் களிமண்மேல் நிற்பதாலும் வீடுகள் பிளந்தன. அதற்கடுத்த வருஷம், 2013ல், குறைக்கவில்லை. ஏறக்குறைய 54 பில்லியன் கன மீட்டர், அதற்கு முந்தைய சில வருஷங்களைவிட அதிகமாக எடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணைக் குழு, குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று எழுதிவைத்தது. அந்த அக்டோபரில் எடுப்பது நின்றது. 2024 ஏப்ரலில் சட்டம் போட்டு வயலையே மூடினார்கள்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு மதிப்பிடுபவர்கள் இதுவரை ஐந்து பேர் வந்திருக்கிறார்களாம், ஐந்து பேரும் ஐந்து தொகை சொன்னார்களாம். அவர் குரல் உயரவே இல்லை. "தண்ணீருக்கு என்னைக் கேட்கிறார்கள். வாய்க்கால் மட்டம் ஐந்து சென்டிமீட்டர் மாறினால் வீட்டுக்குக் கடிதம் வரும். என் வீட்டுக்கு அடியில் எடுத்தார்களே, அதற்கு ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை" என்றார்.

திரும்பும் ரயிலில் நாலு நாளாகப் பார்த்ததையெல்லாம் இதோடு வைத்துப் பார்த்தேன். அதே நாடு, அதே ஜனங்கள், அதே திறமை. தண்ணீரில் எழுநூறு வருஷமாகப் பேசிப் பேசி, சண்டை போட்டு, கட்டவேண்டியதைக் கட்டி வாழக் கற்றவர்கள். வாயுவில் பேசவே இல்லை. லாபம் தெற்கே போனது, விரிசல் இங்கே நின்றது. இயந்திரம் எல்லாம் இரண்டாவதுதான், யாரிடம் கேட்டோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. காவிரிப் படுகையில் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் துளை போட வந்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் ஏன் வயலில் இறங்கி நின்றார்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், இனி அந்த அம்மாவின் சுவரைத்தான் சொல்வேன்.

அக்டோபர் 11, வெள்ளி: மெய்யன்டெல்

உடம்பு வலி, காய்ச்சல் வரும்போல் இருந்தது. மிளகு ரசம் குடித்துவிட்டு மத்தியானம்தான் கிளம்பினோம், தங்கை மகனும் கூட வந்தான். ஹேக் நகரத்துக்கு வடக்கே கடலோர மணல்மேடுகள். மாஸ் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் இங்கே கொண்டுவந்து குட்டைகளில் விடுகிறார்கள். அது மணலுக்குள் இறங்கி, சுமார் இரண்டு மாதம் கழித்துக் கிணறுகளில் வெளியே வருகிறது. அதற்குள் மணல் கிருமிகளை வடித்துவிடுகிறது. ஹேக் 1874லிருந்தே இந்த மேடுகளின் தண்ணீரைக் குடிக்கிறது. மழைநீர் மட்டும் போதாமல், உப்பு ஏறத் தொடங்கியதால்தான் பிறகு ஆற்றிலிருந்து கொண்டுவந்தார்கள். கடலுக்கு ஒட்டின மணலில் நல்ல தண்ணீர் என்றால் எங்கள் வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு உடனே புரியும்.

இவ்வளவு தண்ணீர் உள்ள நாட்டிலும் 2022 ஆகஸ்டில் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று அரசு அறிவித்தது. ரைனில் ஓட்டம் குறைந்து கடல் உள்ளே ஏறியது. வெளியே தள்ளியே பழகிய தண்ணீரை இனி பிடித்துவைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பையன் ஒரு குட்டையில் கல் எறியப் போனான். நடந்துபோன ஒரு பெண் நின்று, "அது குடிதண்ணீர்" என்று அவனிடம் நேராகச் சொன்னார், எங்களிடம் சொல்லவில்லை. அவன் கல்லைக் கீழே வைத்துவிட்டான். ஆப்பிள் போட்ட பெரிய தோசைபோல் பான்கேக், 12 யூரோ, மூன்று பேர் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

அக்டோபர் 12, சனி: கிளம்பும் நாள்

வெயில் வந்துவிட்டது. பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டேன், இந்தமுறை நசுக்கவில்லை. தங்கை, அந்தக் கண்ணாடிப் பட்டை ஒட்டிய அம்மாவுக்குக் கொடுத்தனுப்ப ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் வேலையாகக் குரோனிங்கன் போகும்போது கடையில் கொடுப்பாளாம்.

பெட்டியை வாசலில் வைத்துவிட்டு எதிர்ச்சுவரை ஒருமுறை எண்ணினேன். எட்டாவது வரிசை காய்ந்து வெளிறியிருந்தது. தண்ணீர் ஒன்பதாவதின் அடியில் நிற்கிறது.

"என்னக்கா எண்றே? டாக்ஸி வந்துடுச்சு."

"ஒண்ணுமில்ல, வா."